சைக்கிள் நகராது, சான்றிதழின் தேதி நகரும்: இன்டோர் சைக்கிளிங் பயிற்றுநர்களுக்கு ஆன்லைன் தொடர்கல்வி

நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதிக்கும் இன்டோர் சைக்கிளிங் வகுப்பை நடத்தப் பயிற்றுநர் பயிற்சியை முடித்து, ஜிம்மில் வாரத்துக்கு இரண்டு வகுப்பும் கிடைத்து, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டீர்களா? அதன் கீழ்மூலையில் பொடி எழுத்தில் ஒரு தேதி இருக்கும். அதை இன்றைக்கே பார்த்துவிடுங்கள். நான் பார்க்கவில்லை. இரண்டு வருடம் போனதே தெரியாமல், ஒரு வியாழக்கிழமை காலை ஐந்தரை மணி வகுப்பை முடித்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மேனேஜர் வந்து, இன்னும் 17 நாளில் உங்கள் சான்றிதழ் காலாவதி என்றார். அதைப் புதுப்பிக்கத் தேவையான தொடர்கல்வியில் 20 மணி நேரப் பாடம் பாக்கி. பிள்ளைகள் தூங்கிய பிறகு லேப்டாப்பைத் திறந்து, ஸ்லைடு ஸ்லைடாகத் தள்ளி, கேள்விகளுக்கு விடை தட்டினேன். அந்த 17 இரவில் உருப்படியாகக் கற்றது ஒன்றுதான்: கொடுத்திருக்கும் நான்கு விடைகளில் எது நீளமோ, பெரும்பாலும் அதுவே சரியான விடை.

புதிதாக வருபவர்கள் அந்தக் கூத்தை அடிக்காமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன். நான் வகுப்பு எடுப்பது நியூ ஜெர்சியில். அதனால் இங்கே சொல்லும் விதிகள் அமெரிக்காவினுடையவை.

முதலில் காகிதங்களைப் பிரித்து வையுங்கள்

உங்களிடம் மூன்று வகைக் காகிதம் இருக்கும், அல்லது இருக்க வேண்டும். ஒன்று, குழு உடற்பயிற்சி நடத்துவதற்கான அடிப்படைச் சான்றிதழ். ஏஸ், ஆஃபா, ஏ.சி.எஸ்.எம். போன்ற அமைப்புகள் தருவது. இரண்டு, சைக்கிளுக்கென்றே உள்ள சிறப்புச் சான்றிதழ். ஸ்பின்னிங், ஷ்வின், கைசர், லெஸ் மில்ஸின் ஆர்.பி.எம். என்று பல. மூன்று, சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவி), ஏ.இ.டி. (இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி) பயிற்சி அட்டை. மூன்றுக்கும் காலாவதித் தேதி வேறு வேறு. ஒன்றைப் புதுப்பித்தால் மற்றது தானாகப் புதுப்பிக்கப்படாது. இது தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் என் ஜிம்மிலேயே மூன்று பேர், என்னையும் சேர்த்து.

அடுத்த குழப்பம் புள்ளிக் கணக்கு. தொடர்கல்விப் புள்ளியை ஒருவர் சி.இ.சி. என்பார், இன்னொருவர் சி.இ.யு. என்பார். பெயர் போகட்டும், அளவே வேறு. ஏஸில் ஒரு மணி நேரப் படிப்புக்கு 0.1 புள்ளி. இரண்டு வருடத்துக்கு 2.0 வேண்டும், அதாவது 20 மணி நேரம். ஆஃபாவில் ஒரு மணி நேரத்துக்கு முழுசாக 1 புள்ளி. அங்கே இரண்டு வருடத்துக்கு 15. ஏ.சி.எஸ்.எம்.மிலும் மணிக்கு 1 புள்ளிதான், ஆனால் மூன்று வருடத்துக்கு 45. என்.ஏ.எஸ்.எம்.மில் ஏஸைப் போல மணிக்கு 0.1, இரண்டு வருடத்தில் 2.0. (அந்தப் பெயரை ஒரே சொல்லாகத் தமிழில் எழுதினால் ‘நாசம்’ என்று வருகிறது. நல்ல அமைப்பு, பாவம். அதனால் புள்ளி வைத்தே எழுதுகிறேன்.) ஆக, ஒரு விளம்பரத்தில் “0.8 புள்ளி” என்றும் இன்னொன்றில் “8 புள்ளி” என்றும் இருந்தால் இரண்டுமே எட்டு மணி நேரப் பாடமாக இருக்கலாம். புள்ளியைப் பார்த்து மயங்காமல், எத்தனை மணி நேரம் என்று மாற்றிப் பாருங்கள்.

ஒரு தாளை எடுத்து மூன்று வரி எழுதுங்கள்: எந்தச் சான்றிதழ், என்று முடிகிறது, எத்தனை மணி நேரம் பாக்கி. அமைப்பின் இணையக் கணக்கில் நுழைந்தால் இந்த மூன்றும் தெரியும். விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால், நான் சொல்வதைவிட அங்கே உள்ளதே முடிவு. தேதிக்கு ஆறு மாதம் முன்னால் ஒன்று, இரண்டு மாதம் முன்னால் ஒன்று என்று போனில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள்.

20 மணி நேரம் என்றால் மலைப்பாக இருக்கும். 24 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 50 நிமிடம், கிட்டத்தட்ட நாம் எடுக்கும் ஒரு வகுப்பின் நேரம்.

சி.பி.ஆரை மட்டும் முழுக்க ஆன்லைனில் வாங்காதீர்கள்

இதில் நான் பணத்தை இழந்திருக்கிறேன். “பத்து நிமிடத்தில் சான்றிதழ், தேர்வில் தோற்றால் பணம் வாபஸ்” என்று ஓர் இணையதளம். பெயர் வேண்டாம். கட்டினேன், தேர்வு எழுதினேன், அழகான அட்டை வந்தது. புதுப்பிக்கப் போன இடத்தில், கையால் செய்து காட்டிய தேர்ச்சி இதில் இல்லை, செல்லாது என்று திருப்பிவிட்டார்கள். ஏஸும் என்.ஏ.எஸ்.எம்.மும் கேட்பது, ஒரு பயிற்றுநர் முன்னிலையில் பொம்மையின் மார்பை அழுத்திக் காட்டிய சி.பி.ஆர். அதற்கு வழி, அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனும் செஞ்சிலுவைச் சங்கமும் நடத்தும் கலப்பு வகுப்பு: பாடத்தை வீட்டில் ஆன்லைனில் படித்துவிட்டு, செய்முறைக்கு மட்டும் நேரில் போய் வரலாம். அட்டை இரண்டு வருடம் செல்லும்.

நேரில் போனால்தான் புரியும் ஒன்றும் உண்டு. பெரியவர்களுக்கு மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது இரண்டு அங்குல ஆழத்துக்கு அழுத்த வேண்டும். தாளம் நமக்குக் கைவந்தது. ஆனால் இரண்டு அங்குலம் எவ்வளவு ஆழம் என்பதும், இரண்டே நிமிடத்தில் தோள்பட்டை எப்படிக் கழன்றுவிடுகிறது என்பதும் திரையில் தெரியாது. திரும்பி வந்ததும் உங்கள் ஜிம்மில் ஏ.இ.டி. கருவி எந்தச் சுவரில் மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். நான் இரண்டு வருடம் அதைத் தீயணைப்புப் பெட்டி என்று நினைத்திருந்தேன்.

எதைப் படிப்பது என்பதை உங்கள் வகுப்பே சொல்லும்

பெரும்பாலானவர்கள் தள்ளுபடியைப் பார்த்துப் பாடம் வாங்குகிறார்கள். நவம்பர் கடைசியில் எல்லாத் தளத்திலும் பாதி விலை. கெட்டில்பெல், யோகா, நுரை உருளை என்று கூடையில் போட்டுக்கொண்டு வந்து, கடைசியில் தங்கள் சைக்கிள் வகுப்பில் ஒரு மாற்றமும் இல்லாமல் நிற்கிறார்கள். விலையைப் பார்ப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்: மேனேஜரிடம் சொல்லிவிட்டு, முகங்கள் விழாதபடி போனை உங்களை நோக்கி வைத்து ஒரு வகுப்பை முழுதாகப் பதிவு செய்யுங்கள். வீட்டில் முதல் தடவை படத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் கேளுங்கள். இரண்டாம் தடவை குரலை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள்.

என் முதல் பதிவில் 45 நிமிடத்தில் “கமான்” என்று 61 தடவை கத்தியிருந்தேன். அதைவிட மோசம், “ஒரு சுற்று ஏற்றுங்கள்” (பெடலைக் கனமாக்கும் ரெசிஸ்டன்ஸ் குமிழை ஒரு சுற்று திருகச் சொல்வது) என்று நிமிடத்துக்கு ஒரு தரம் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஏற்றினால் காலுக்கு எப்படி இருக்க வேண்டும் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. ஒரு சைக்கிளின் ஒரு சுற்று இன்னொன்றின் ஒரு சுற்று ஆகாது. ஒன்றில் மலை, பக்கத்திலிருப்பதில் மொட்டைமாடி. அன்றைக்கே என் பாடப் பட்டியலின் முதல் வரி கிடைத்துவிட்டது: சொல்லிக் கொடுக்கும் மொழி. நீங்களும் இடறுகிற மூன்று இடத்தைக் குறித்துக்கொண்டு, அந்த மூன்றுக்கும் பாடம் தேடுங்கள்.

எதுவும் தோன்றவில்லை என்றால், புதியவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது.

சைக்கிளைப் பொருத்துவதும் முதல் நாள் வருபவரும்

முதல் பாடம் இதுவாக இருக்கட்டும். ஆன்லைனில் பார்த்துவிட்டு உடனே கையால் பழக வேண்டிய பாடமும் இதுதான். சைக்கிள் பக்கத்தில் நிற்க வைத்தால் சீட் இடுப்பெலும்பின் உயரத்துக்கு வர வேண்டும். ஏறி உட்கார்ந்து பெடல் அடியில் இருக்கும்போது முட்டி லேசாக, 25 முதல் 35 பாகை வரை, மடங்கியிருக்க வேண்டும். இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்கும்போது முன்கால் முட்டி பெடலின் அச்சுக்கு நேர் மேலே வருகிறதா என்று பார்த்து சீட்டை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். புதியவர்களுக்கு ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்தியே வையுங்கள்.

என் வகுப்பில் ஐம்பதை ஒட்டிய ஓர் அக்கா மூன்று வாரமாக முட்டி வலி என்று சொல்லிக்கொண்டிருந்தார். வயசு என்று நானும் அவரும் சேர்ந்து முடிவு கட்டியிருந்தோம். இந்தப் பாடத்தைப் படித்த மறுநாள் அவரைப் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். சீட் அவ்வளவு தாழ்வு, பொங்கலுக்கு வாங்கிய மூன்று சக்கர வண்டியில் குழந்தை உட்கார்ந்திருப்பது போல முட்டி நெஞ்சுக்கு வருகிறது. இரண்டு துளை உயர்த்தினேன். அடுத்த வாரம் அவர் முட்டியைப் பற்றிப் பேசவே இல்லை, ஏசி போதவில்லை என்று சண்டைக்கு வந்தார். பாடம் முடித்ததும் குட்டை, நெட்டை, பருமன் என்று ஐந்து உடம்புகளைப் பொருத்திப் பாருங்கள். வீட்டு ஆட்கள் போதும்.

முதல் நாள் வருபவருக்கு நிறுத்தும் விதத்தைச் சொல்லாமல் வகுப்பைத் தொடங்கவே கூடாது. பல சைக்கிள்களில் ஃப்ளைவீல் என்னும் கனமான சக்கரம் பெடலோடு நேரடியாகப் பிணைந்தது. காலை நிறுத்தினாலும் அது சுற்றிக் காலை இழுத்துக்கொண்டு போகும். ரெசிஸ்டன்ஸ் குமிழை அழுத்தினால்தான் நிற்கும். ரெசிஸ்டன்ஸே இல்லாமல் படுவேகமாகச் சுற்றுவது, பின்னோக்கி மிதிப்பது, ஹேண்டில்பாரில் தண்டால் எடுப்பது ஆகியவற்றை ஸ்பின்னிங் பாடத்திட்டம் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பார்ப்பதற்கு விறுவிறுப்பாக இருக்கும், பயன் குறைவு, காயத்துக்கு வழி.

இதோடு சேர்த்து ராப்டோமயோலிசிஸ் பற்றி அரை மணி நேரமாவது படியுங்கள். பழக்கமில்லாத தசையை அளவுக்கு மீறி வேலை வாங்கினால் தசை இழைகள் சிதைந்து, அதன் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். இன்டோர் சைக்கிளிங் வகுப்புக்கு வந்தவர்களுக்கு இப்படி ஆனதை 2017-இல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். முதல் வகுப்பு முடிந்து ஒன்றிரண்டு நாளில் தொடை வீங்கித் தாங்க முடியாத வலி, சிறுநீர் கடுங்காப்பி நிறம். இவற்றில் ஒன்று தெரிந்தாலே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும், வெந்நீர் ஒத்தடம் வேலைக்காகாது. புதியவரிடம், “இன்றைக்குப் பாதி வகுப்பு போதும், நடுவில் இறங்கினால் யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள்” என்று சொல்வது நம் வேலை.

இதயத் துடிப்பு, வாட், பாட்டு

220-லிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்ச இதயத் துடிப்பு என்ற வாய்ப்பாடு எல்லாருக்கும் தெரியும். 2001-இல் தனாகாவும் குழுவினரும் வெளியிட்ட இன்னொன்று: வயதை 0.7-ஆல் பெருக்கி 208-லிருந்து கழிப்பது. 60 வயதுக்காரருக்கு முதல் கணக்கில் 160, இரண்டாவதில் 166. இரண்டுமே சராசரிதான், ஆளுக்கு ஆள் விலகும். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடும் மாமாவுக்கு எந்தக் கணக்கும் ஒத்து வராது. மாத்திரை துடிப்பை ஏற விடாது. அவரைக் கைக்கடிகாரம் காட்டும் எண்ணுக்குத் துரத்தினால் ஆபத்து. “பத்துக்கு எத்தனை கஷ்டம்?” என்று கேட்பதே அவருக்குச் சரி. உழைப்பை உடம்பு உணர்வதை வைத்து அளக்கும் இந்த முறைக்கு வழிபோட்டவர் ஸ்வீடனைச் சேர்ந்த குன்னர் போர்க்.

உங்கள் ஸ்டூடியோவில் வாட் காட்டும் சைக்கிள் இருந்தால் எஃப்.டி.பி. பாடம் படியுங்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்து மிதிக்கக்கூடிய அதிகபட்ச வாட்தான் எஃப்.டி.பி. 20 நிமிடம் தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்சத்தில் மிதித்து, அதன் சராசரியில் 95 சதவீதம் எடுப்பது வழக்கமான முறை. சராசரி 160 வாட் என்றால் எஃப்.டி.பி. 152. நிதானமாக ஓட்டும் இரண்டாம் மண்டலம் அதில் 56 முதல் 75 சதவீதம், அதாவது ஏறக்குறைய 85 முதல் 114 வாட். இப்படி ஒருமுறை உங்கள் எண்ணையே வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் பாடம் மண்டையில் ஏறும். ஆனால் ஒரு கம்பெனி சைக்கிளின் வாட்டை இன்னொன்றோடு ஒப்பிடாதீர்கள். சிலது விசையை நேரடியாக அளக்கும், சிலது காந்தம் இருக்கும் இடத்தை வைத்து மதிப்பிடும். முதல் மாதம் வந்தவரை இந்தச் சோதனையில் ஏற்றவும் வேண்டாம்.

பாட்டுப் பாடம் எனக்கு மிகவும் பிடித்தது, ஒத்துக்கொள்கிறேன். ஸ்பின்னிங் முறையில் சமதளத்துக்கு நிமிடத்துக்கு 80 முதல் 110 சுற்று, ஏற்றத்துக்கு 60 முதல் 80. தாளத்துக்கு ஒரு கால் என்று மிதித்தால் ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டு தட்டு. நிமிடத்துக்கு 128 தட்டு உள்ள பாட்டு என்றால் 64 சுற்று, நல்ல ஏற்றம். சமதளத்தில் 90 வேண்டுமானால் 180 தட்டுப் பாட்டு தேடணும், அல்லது 90 தட்டுப் பாட்டில் தட்டுக்கு ஒரு முழுச் சுற்று. தட்டை எண்ணும் ஆப்கள் நம்ம ஊர் குத்துப் பாட்டில் பலமுறை ஏமாந்து, இரட்டிப்பாகவோ பாதியாகவோ காட்டும். நான் அதை நம்புவதில்லை. பாட்டைப் போட்டு 15 வினாடி தொடையில் தட்டி எண்ணி நாலால் பெருக்குவேன். நம் பாட்டைப் போட்ட அன்று வெள்ளைக்காரப் பாட்டிகள் இரண்டு பேர் வகுப்பு முடிந்து பெயர் எழுதி வாங்கிப் போனார்கள் என்பது இங்கே தேவையில்லாத தகவல்.

தேவையான தகவல்: மாதச் சந்தா கட்டும் பாட்டுச் செயலிகள் சொந்த உபயோகத்துக்குத்தான் அனுமதி தருகின்றன. பொது இடத்தில் பாட்டுப் போடும் உரிமத்தை ஆஸ்காப், பி.எம்.ஐ. போன்றவற்றிடம் வழக்கமாக ஜிம் வாங்கும். நீங்களே இடம் பிடித்துத் தனியாக வகுப்பு நடத்தினால் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில். அதேபோல் ‘ஸ்பின்னிங்’ என்பது மேட் டாக் அத்லெடிக்ஸ் நிறுவனத்தின் வணிகப் பெயர். ஜானி ஜி என்று அறியப்படும் தென்னாப்பிரிக்க சைக்கிள் வீரர் உருவாக்கிய முறை. அந்த நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் அந்தப் பெயரில் நோட்டீஸ் அடித்தால் வக்கீல் கடிதம் வரலாம். ‘இன்டோர் சைக்கிளிங்’ என்று போடுங்கள்.

காதையும் தொண்டையையும் காப்பது பற்றிய பாடம் படிப்பவர் குறைவு. படியுங்கள். நியாஷ் என்னும் அமெரிக்கப் பணியிட ஆய்வு நிறுவனத்தின் கணக்கில் 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் எட்டு மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். ஐஃபோன் வைத்திருந்தால் நியாஷின் இலவச ஒலி அளவு ஆப் உண்டு. ஒருமுறை வகுப்பில் திறந்து பாருங்கள். மைக் இருக்கும்போது கத்த வேண்டியதில்லை என்று புரிய எனக்கு இரண்டு வருடமும் ஒரு காது-மூக்கு-தொண்டை டாக்டரும் தேவைப்பட்டார்கள்.

ஊட்டச்சத்துப் பாடம் கடைசியில் போதும். சர்க்கரைக்கு என்ன சாப்பிடலாம் என்று கேட்பார்கள். எட்டு மணி நேரப் பாடம் படித்ததால் உணவுத் திட்டம் எழுதிக் கொடுக்கும் தகுதி வந்துவிடாது, பதிவுபெற்ற டயட்டீஷியனிடம் அனுப்புங்கள்.

பணம் கட்டும் முன்பும் பின்பும்

பாடத்தின் பக்கத்தில் உங்கள் அமைப்பின் ஒப்புதல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். “எல்லா அமைப்பும் ஏற்கும்” என்று பொதுவாகப் போட்டிருந்தால் நம்பாமல், உங்கள் அமைப்பின் பட்டியலில் தேடுங்கள். ஒப்புதல் இல்லாத பாடத்துக்கும் தனியாக விண்ணப்பித்துப் புள்ளி கேட்கலாம், அதற்குக் கட்டணம் உண்டு, காத்திருக்கவும் வேண்டும். ஒரே பாடம் ஏஸிலும் உங்கள் சைக்கிள் சான்றிதழிலும் சேர்ந்தே எண்ணப்பட்டால் அதை முதலில் வாங்குங்கள், பாதி வேலை மிச்சம். பிறகு, நடத்துபவர் யார் என்று பாருங்கள். இன்றும் வகுப்பு எடுப்பவரா, கேள்வி கேட்டால் பதில் வருமா? பதிவு செய்த வீடியோவைவிட நேரலை வகுப்பு எனக்கு உசத்தி. குறிப்பிட்ட நேரத்தில் உட்கார வைக்கும், கேள்வியும் கேட்கலாம். வீடியோதான் என்றால் எத்தனை நாள் திறந்திருக்கும் என்று பாருங்கள். என் முதல் சந்தா ஒன்று 30 நாளில் மூடிக்கொண்டது, நான் திறந்ததே 28-ஆவது நாள்.

ஒரு பாடம் முடித்த வாரமே அதில் ஒன்றை வகுப்பில் செய்துவிடுங்கள். ஒன்றே ஒன்று. சீட் உயரம் படித்தால் அந்த வாரம் எல்லார் சீட்டையும் பார்ப்பது, தாளம் படித்தால் இரண்டு பாட்டை மாற்றுவது. அதற்குப் பிறகு அடுத்த பாடம்.

முடித்ததற்கான சான்றிதழை அன்றே இறக்கி, தேதி, மணி நேரம், ஒப்புதல் எண் மூன்றும் தெரிகிறதா என்று பார்த்து ஒரே கோப்புறையில் போடுங்கள். அமைப்பு சான்று கேட்கும்போது அந்தத் தளமே மூடியிருக்கலாம். ரசீதும் அங்கேயே இருக்கட்டும். நீங்கள் சுயதொழிலாக வகுப்பு எடுப்பவர் என்றால், இருக்கும் வேலைத்திறனை வளர்க்கும் படிப்புச் செலவை வருமான வரியில் தொழில் செலவாகக் காட்ட முடியும். ஜிம்மில் சம்பளத்துக்கு இருந்தால் 2018 முதல் மத்திய வரியில் அந்தக் கழிவு கிடையாது. அதனால் மேனேஜரிடம் கேளுங்கள். வருடத்துக்கு இவ்வளவு என்று படிப்புக்குப் பணம் ஒதுக்கும் ஜிம்கள் உண்டு, கேட்காதவர்களுக்குத் தருவதில்லை.

தேதிக்கு ஒரு மாதம் முன்னால் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுப் புதுப்பிக்கும் கட்டணத்தைக் கட்டுங்கள். தாமதமானால் அபராதம் தனி. ஏஸில், கூடுதலாகச் சேர்த்த புள்ளிகள் அடுத்த சுற்றுக்குப் போகாது, ஆகவே கணக்கு முடிந்திருந்தால் அடுத்த பெரிய பாடத்தைப் புது தேதி தொடங்கிய பிறகு ஆரம்பியுங்கள். புதுச் சான்றிதழ் மின்னஞ்சலில் வந்ததும் அச்செடுத்து, பழையதைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டு இதை மாட்டுங்கள். கீழ்மூலைத் தேதியை மட்டும் நான் இப்போது சிவப்பு மையால் வட்டமிட்டு வைக்கிறேன்.